என் ஓரகத்தியின் காலைகள்

என் கொழுந்தன் கல்யாணம் முடித்து மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சின்னப் பெண், பிளஸ் டூ முடித்தவள். என்னை அக்கா முறையில் ‘லாத்தா, லாத்தா’ என்று சுற்றிச்சுற்றி வந்தாள். என் கணவரும் கொழுந்தனும் ஷார்ஜாவில் வேலை பார்த்தார்கள். லீவு முடிந்து கொழுந்தன் விமானம் ஏறியதும் முத்துப்பேட்டை வீட்டில் மாமியாரும் நானும் அவளும் பள்ளிக்கூடம் போகிற என் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சினோம்.

பொறாமை காலை நேரத்தில்தான் தொடங்கியது.

விடிவதற்கு முன் சுபுஹு பாங்குக்கு எழுந்து தொழுதுவிட்டு நான் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வேன். அவள் படுக்கமாட்டாள். கூடத்து ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தை விரிப்பாள். தபால் வழியில் பி.காம். படித்தாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது அன்றைய பாடத்தை முடித்துவிட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள். ஒரு புத்தகத்தை மூடி வைக்காமல் இன்னொன்றைத் தொடமாட்டாள். காய் நறுக்கினால் அரிவாள்மனையைக் கழுவிச் சாத்திய பிறகுதான் அடுத்த வேலை. அவள் எதையாவது தேடி நான் பார்த்ததே இல்லை.

நான் தேடிக்கொண்டே வாழ்ந்தவள். வாசல் அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். கை நல்ல கை, ஊரே சொல்லும். ஆனால் ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குக் கழுத்து வைப்பேன். அதற்குள் யாராவது அவசரம் என்று வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தொடுவேன். கட்டில்மேல் துணி மலைபோலக் கிடக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான். “நாளைக்கு வாங்க.”

அது பெண்பிள்ளைகள் எல்லாரும் சுடிதாருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா மகளுக்குச் சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். மகளுக்குத் தஞ்சாவூரில் காலேஜ் கிடைத்திருந்தது. சொன்ன நாளில் வந்து நின்றார். துணி வெட்டியபடியே கிடந்தது.

“நாளைக்கு வாங்கம்மா,” என்றேன்.

“நாளைக்குப் புள்ள ஆஸ்டலுக்குப் போவுது பாயம்மா. இதப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்னு உக்காந்திருக்கு. நான் இங்கயே இருந்து வாங்கிட்டுப் போறேன்,” என்று வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுடிதாரின் ஒரு கைக்கு வெட்டிய துணியைக் காணோம். மலையைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஓரகத்தி உள்ளிருந்து வந்தாள். கட்டில் ஓரத்திலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, மடித்து மறுபக்கம் வைத்தாள். பாதி மலை இடம் மாறுவதற்குள் அந்தக் கைத் துணி கிடைத்துவிட்டது. நான் தைக்கத் தைக்க, அவள் பேன்ட்டின் கீழ்மடிப்பைக் கையால் தைத்து முடித்தாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வேலை முடிந்தது.

அந்த அம்மா சுடிதாரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும் தாயி,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். வெட்டியது நான், தைத்தது நான். வாழ்த்து மட்டும் மடிப்புத் தைத்தவளுக்குப் போனது.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து பார்த்தால் என் கட்டில் காலியாக இருந்தது. துணியெல்லாம் தனித்தனிப் பையில், பைக்குள் அவரவர் அளவு ஜாக்கெட்டோடு ஆணியில் வரிசையாகத் தொங்கியது. முதலில் கொடுக்க வேண்டியது முதல் ஆணியில்.

“யாரு உன்ன இதத் தொடச் சொன்னா?”

“சும்மாதான் இருந்தேன் லாத்தா. அதான்...”

“ஒன் புஸ்தகத்த நான் தொடறேனா?”

அவள் முகம் சுருங்கியது. “இல்ல லாத்தா. மாப்பு பண்ணிக்கங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சண்டைக்காவது நிற்பாள் என்று நினைத்தேன். அதற்கும் அவள் வரவில்லை. பையை எல்லாம் கட்டிலில் கொட்டிவிடலாம் என்று ஆணிப் பக்கம் போனேன். கையை நீட்டியவள், முதல் பையை எடுத்துக்கொண்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஷார்ஜாவிலிருந்து போன் வரும். வீட்டுக்குப் போன் இணைப்பு கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார் மாமியார். முதலில் அவர் பேசுவார், பிறகு நான், கடைசியில் அவள். அந்த வாரம் என் கணவர் எடுத்தவுடனே கேட்டார்.

“ஒன் துணியெல்லாம் அதுதான் அடுக்கி வச்சிச்சாமே. உம்மா இப்பத்தான் சொன்னாங்க.”

“ஆமா.”

“நல்ல புள்ள. நீயும் அது மாதிரி காலையில எந்திரிச்சிப் பாரேன்.”

எட்டாத தூரத்தில், லேபர் கேம்ப்பில், ஒரு அறையில் பலரோடு படுத்து எழுகிற மனிதர். வாரத்தில் ஒருமுறை கேட்கிற குரல். அதில் பாதி அவளைப் பற்றியே போய்விட்டது. ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். நெஞ்சு எரிந்தது.

அன்று முடிவு செய்தேன். அவளுக்கு முன்னால் எழுவது. தொழுகை, ஓதல் எதற்காகவும் இல்லை, அவளை முந்துவதற்காக.

முதல் நாள் நான் போனபோது கொல்லையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏற்கெனவே தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு நாள் பாங்கு சொல்வதற்கு முன்பே எழுந்து, தொழுகை முடிந்ததும் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னைக்கு நீங்க முந்திட்டீங்க லாத்தா,” என்று சிரித்தாள். சிரிப்பில் குத்தல் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது போட்டியே இல்லை என்று அப்போது தெரிந்தது. தோற்கிறவள் தோற்றதை உணரவில்லையென்றால் ஜெயித்து என்ன பயன்? இன்னும் அதிகமாக எரிந்தது.

எரிச்சலோடே எழுந்தேன், எரிச்சலோடே தைத்தேன். அவளிடம் கேட்கமாட்டேன், ஆனால் பார்ப்பேன். அவள் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் திறக்கிறாள் என்பதால், நானும் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து முடிக்காமல் அடுத்த பையை ஆணியிலிருந்து எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். படிக்கும்போது போன் அடித்தாலும் அவள் எழுவதில்லை. நானும் காலை வேளையில் வாசலில் யார் குரல் கொடுத்தாலும் தலையைத் தூக்கவில்லை. வீடு விழிப்பதற்குள் ஒரு ஜாக்கெட் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் ‘நாளைக்கு வாங்க’ என்பது என் வாயில் வருவது குறைந்தது. அந்தக் கிராமத்து அம்மாவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்: “சின்னவ வந்த பொறவுதான் பெரியவளுக்கும் ஒரு ஒழுங்கு வந்துச்சி.” அதிலும் அவளுக்குத்தான் முதல் இடம்.

அவள் பி.காம். பாஸ் செய்தாள். அதே வருஷம் கொழுந்தனுக்குக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்து, ஃபேமிலி விசாவும் வந்தது. கேம்ப்பில் இருக்கிற என் கணவருக்கு அது கிடைக்காது. திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பிடித்து எல்லாரும் போனோம். கண்ணாடிக் கதவுக்குள் போகும்முன் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது பிரிவுக்காக அழுத அழுகை இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம், மன்னார்குடி தாண்டும்வரை, அந்த விசாவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் போன மறுவாரமே நான் பழையபடி படுக்க ஆரம்பித்தேன். முந்துவதற்கு ஆளில்லை. ஆணியிலிருந்து பைகள் கட்டிலுக்கு இறங்கின. ‘நாளைக்கு வாங்க’ திரும்பி வந்தது. என்னை எழுப்பிக்கொண்டிருந்தது பாங்கும் இல்லை, கடிகாரமும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு நாள் காலை விழித்துப் படுத்தபடியே அவளை நினைத்தேன். ஷார்ஜா பிளாட்டில், பளபளவென்ற சமையலறையில், எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று மனசு படம் காட்டியது. அப்புறம்தான் உறைத்தது. அங்கே நமக்குப் பிறகுதான் விடியும். இந்நேரம் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் இப்போது எழுந்தால் அவளால் என்னை முந்தவே முடியாது. எழுந்துவிட்டேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது. வருஷக்கணக்கில் அதை வைத்தே எழுந்தேன். வீட்டு வாசல் அறை போதாமல் கடைத்தெருவில் ஒரு கடை எடுத்தேன். இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். சொன்ன நாளில் துணி கிடைக்கும் என்று ஊரில் பேர் வந்தது.

பிறகு அவள் லீவில் வந்தாள். முதல் நாள் காலை அவளுக்குக் காட்டவேண்டும் என்றே வீட்டில் விட்டு வைத்திருந்த மெஷினை வேகமாக ஓட்டினேன். அவள் எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. வெயில் ஏறிய பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து டீயைக் கையில் வாங்கினாள்.

“ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்கேன் லாத்தா.”

“அப்பறம் ஏன் இப்புடித் தூங்குற?”

“எந்திரிச்சி என்ன பண்றது? ரெண்டு பேருக்குச் சமைக்கணும், அவ்வளவுதான். படிச்சதுக்கு வேலயும் பாக்க விடல. ஏசியப் போட்டுப் படுத்துக்கிட்டா பொழுது போயிடுது.”

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை வருஷம் நான் முந்திக்கொண்டிருந்தது தூங்குகிறவளையா என்று கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. தூங்கக் கொடுத்து வைத்திருக்கிறாளே. குளிர்ந்த அறையில், பக்கத்தில் கணவன் இருக்க, எழவேண்டிய கட்டாயமே இல்லாமல்.

ஒரு வாரம் கழித்து, நான் மெஷினில் இருக்கும்போது வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் சொல்லித் தாங்க லாத்தா. ஹூக் வைக்கவாவது.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கொடுத்தேன். லீவு முடியும்வரை தினமும் வந்தாள். ஒரு நாளும் தவறவில்லை. வெட்டு, கழுத்து, லைனிங் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டே அடுத்ததற்குப் போனாள். அவள் வைக்கும் ஹூக் என்னுடையதைவிட நேராக நின்றது. கடைப் பெண்களே அதைச் சொன்னார்கள்.

இப்போது அவள் பிளாட்டில் மெஷின் இருக்கிறது. அந்தக் கட்டடத்து நம்ம ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளிடம்தான் தைக்கக் கொடுக்கிறார்களாம். போன நோன்பில் போன் செய்தாள்.

“பெருநாள் துணி வந்து குமியுது லாத்தா. நீங்க எப்புடிச் சமாளிக்கிறீங்க?”

சொன்னேன். காலையில் வெட்டுவதை மட்டும் முடித்து வைக்கச் சொன்னேன். லைனிங் துணியை முன்கூட்டியே நனைத்துக் காயப்போடச் சொன்னேன். யார் வந்து பேசினாலும் மெஷினை நிறுத்தாதே என்றேன். நோன்பு பாதியானதும் தைக்கப் புதிதாக வரும் துணியை வாங்காமல் திருப்பி அனுப்பித்தான் நானே சமாளிக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.