தண்ணீர் வாளியோடு நின்ற அக்கா

அக்கா கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் தம்பி எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது நெமிலிச்சேரியில், ரயில் பாதையை ஒட்டிய ஓட்டு வீட்டில். அம்மா வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொள்வதற்காக ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. அந்த உழைப்பில்தான் நான் கல்லூரி வரை போனேன்.

நம் சபையின் கோடை முகாமுக்கு அக்கா முதலில் போனது சமையல் உதவிக்கு. கடைசி நாள் மதியம், வாளியோடு வரிசை வரிசையாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தேவசெய்தி கொடுத்தவர் "ஜெபிப்போம்" என்றார். ஜெப வேளையில் நடக்கக் கூடாதென்று அக்கா அப்படியே நின்றுவிட்டார். "கர்த்தருடைய ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றதும் ஏழு பேர் எழுந்தார்கள். ஏற்கெனவே நின்றிருந்த அக்காவின் தலையிலும் கை வைத்து ஜெபித்து, பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மே மாதம் சிறு பிள்ளைகள் வகுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அக்காவுக்கு வேதாகமத்தைச் சரளமாக வாசிக்க வராது. நான் உரக்க வாசிப்பேன். சோறு வடித்தபடியே மனப்பாடம் செய்வார். அப்படிப் பதினெட்டு முகாம்கள். வகுப்பு முடிந்தால் தண்ணீர் வாளியும் அவர் கையில்தான். அவர் வகுப்பில் இருந்தவர்களில் இரண்டு பேர் இன்று ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் சபைச் செயலாளர். சபைக் கமிட்டிக்குத் தேர்வான முதல் பெண்ணும் அக்காதான்.

கிட்னி கெட்டுப் படுத்திருந்த கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நா அன்னிக்கு எந்திரிக்கவே இல்லடா. வாளிய வெச்சிகினு சும்மா நின்னுகினு இருந்தேன்."

"இத்தினி வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"ஜெபம் பண்ணி முடிச்சப்புறம் இல்லன்னு எப்டி சொல்றது? கர்த்தர் கூப்டாமயே உள்ள பூந்துட்டேனோன்னு பயமா கீதுடா. பாஸ்டராண்ட சொல்லிடு."

மறுநாளே போய்ச் சொன்னேன். நம் பாஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்தன் தம்பி. மீதி ஆறு பேர் அடுத்த கேம்ப்புக்கே வரல. நானே ரெண்டு தடவ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிடலாம்னு பாத்தவன். மே மாசம் வந்தா அக்கா வாளியோட நிப்பாங்க. அதப் பாத்துட்டு எப்படி ஓடுறது? அவங்களக் கூப்பிடலன்னு யார் சொன்னது?"

வந்து அக்காவிடம் சொன்னேன்.

"ஐய, அவுரும் ஓடப் பாத்தாரா?" என்று சிரித்தார். "அப்ப சரி." மூன்றாம் நாள் காலை அமைதியாகப் போனார்.

வாரம் இரண்டு முறை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், காத்திருந்து கூட்டிவந்த பக்கத்து வீட்டு பாய்க்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த சபைப் பெண்களுக்கும், அடக்க நாளில் துணை நின்ற எல்லாருக்கும் எங்கள் நன்றி.

சென்ற வருட முகாமை நான் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாளே கால் வீங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் அலுத்துப்போனேன். இந்த மே மாதம் தனியாக என்னால் முடியாது. உங்களில் முடிந்தவர்கள் வாருங்கள். எழுந்து நிற்கச் சொல்ல மாட்டோம், பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம். வாளியைப் பிடிக்க ஒரு கை இருந்தால் போதும்.