நாசர் பாய் பேரில் ஒரு டோக்கன்

நாசர் பாய் இறந்துவிட்டார்.

எனக்கு இதை முதலில் சொன்னது மனுஷன் இல்லை... பில்ட் சர்வர்.

இன்று விடிகாலை பொன்னேரி ரூமில் இருந்து அவசரமாக ஒரு திருத்தம் அனுப்பினேன். பில்ட் ஃபெயில். புரோகிராம் கோடு இருக்கிற சர்வர், அதை எடுத்து ஆப்பாகக் கட்டும் பில்ட் சர்வரை உள்ளேயே விடவில்லை.

ஆபீஸில் அட்மின் பார்க்கும் ரேவதி அக்காவை போனில் எழுப்பினேன்.

"அது பாய் அக்கவுண்ட்ல ஓடுதுபா. நேத்து சாயங்காலமே மூடிட்டோம்."

"ஏன்கா, வேலைய விட்டுட்டாரா?"

"இறந்துட்டாருபா. நெஞ்சு வலி. சாயங்காலம் அஸர் தொழுகைக்கே அடக்கம் பண்ணிட்டாங்க. குரூப்ல போட்டோமே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. பாய் போடும் குட்மார்னிங் பூ படங்கள் தாங்காமல் அந்த குரூப்பை எப்போதோ மியூட் செய்துவிட்டேன்.

நேற்றிலிருந்து எல்லாரும் "தங்கமான மனிதர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். நான் அவருக்குப் பக்கத்து சீட்.

தெரியாதவர்களுக்கு... நாங்கள் செய்வது பழவேற்காட்டு மீனவர்களுக்கான காற்று எச்சரிக்கை ஆப். பச்சை காட்டினால் படகு போகலாம். சிவப்பு என்றால் வேண்டாம். அவ்வளவுதான்.

அதன் கோடு முழுக்க ஐஸ் ஃபேக்டரி மாடியில் பாய் வைத்த சர்வரில் இருக்கிறது. ஊரில் கரண்ட் போனாலும் அங்கே ஜெனரேட்டர் நிற்காது என்பார். பில்ட் சர்வர் சென்னையில். இரண்டையும் இணைப்பது அரை நாள் வேலை. அதை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்.

கோடு மாறியதும் பில்ட் சர்வருக்குத் தானாகத் தகவல் போகட்டும் என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னார்: "கதவத் தொறந்து வெச்சுட்டு ரோட்ல போறவனக் கூப்புட சொல்றியா நீ?"

தகவல் வெளியே போவதற்கும் ஆள் உள்ளே வருவதற்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? எல்லாம் தெரியும். வேண்டுமென்றே...

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் பில்ட் சர்வர் உள்ளே நுழையக் காட்ட வேண்டிய டோக்கனைத் தன் சொந்த அக்கவுண்டில் போட்டுக் கொடுத்தார். பில்டுக்குத் தனி அக்கவுண்ட் வேண்டும் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்.

"ஏன், நான் எங்கியாச்சும் போறனா?" என்பார்.

சென்னை சர்வரின் முகவரி மாறும்போதெல்லாம் அவர்தான் கைப்பட அனுமதிக்க வேண்டும். அந்த உரிமையை வேறு யாருக்கும் அவர் தரவில்லை. மதியம் கூப்பிட்டால் திட்டு. "மனுஷன் தூங்குற நேரத்துல தான் உனக்கு வேல வருமா?"

என் நைனாவும் பழவேற்காட்டு மீனவர்தான்; ஊரிலிருந்து அவருக்கு இறால் கொடுத்தனுப்புவார். பையைத் திறந்து பார்த்து, "இவ்ளோதான் சைஸா?" என்பார். ஒரு நாள் கூட நன்றி சொன்னதில்லை. ஒரு நாள் கூட வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

சரி... இன்று காலை.

ஆப்பில் காற்று அளவு நேற்றைய எண்ணிலேயே நின்றுவிட்டது. வெளியே வாடைக் காற்று தூக்குகிறது, ஆப் பச்சை காட்டுகிறது. திருத்தம் தயார். பில்ட் ஓடாமல் ஏற்ற வழியில்லை. அந்த வழியையும் பாய்தான் மூடி வைத்திருந்தார்.

நைனாவுக்கு போன் போட்டேன். கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"பச்சையா காட்டுதே. நீ வேணான்ற. உன்ன நம்பறதா, நீ செஞ்சத நம்பறதா?"

"என்ன நம்பு நைனா."

அவர் நின்றார். மற்ற படகுகள் நிற்கவில்லை. அவர்கள் எதற்கு என்னை நம்ப வேண்டும்? அவர்கள் கையில் பச்சை இருக்கிறது.

அந்த நேரத்தில் ஒரு செத்த மனுஷனைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அதைத் திரும்ப வாங்கப் போவதில்லை.

ரேவதி அக்காவிடம் கெஞ்சி பாய் அக்கவுண்டைக் கொஞ்ச நேரத்துக்குத் திறக்க வைத்தேன். பில்ட் ஓடியது. பாஸ். ஆப் சிவப்புக்கு மாறியது.

முகத்துவாரம் தாண்டப் போன படகுகள் திரும்பின. எல்லாம் கரையேறியது என்று நைனா போனில் சொன்னார். பாய் இறந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எறா சின்னதுன்னு சொல்லுவாரே... அவரா?" என்றார்.

பில்ட் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். இன்று காலை ஓடிய பில்டுக்குக் கீழே, கோடு எடுத்தவர் என்ற இடத்தில்... நாசர்.

தனி அக்கவுண்ட் போட்டாச்சு பாய். அரை மணி நேரம் கூட ஆகவில்லை. உங்கள் டோக்கனை நானே அழித்தேன்.

கோபம் அப்படியே இருக்கிறது.

இனி எதற்கும் கூப்பிட மாட்டேன். மதியத்திலும்.

தூங்குங்க, பாய்.