என் பெயர் வைத்த மெமரி கார்டு

மெமரி கார்டை ஃபார்மட் செய்யும் அந்தச் சின்னப் பெட்டி திரையில் வந்தாலே எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். மலேசியாவில், கூலிமில் ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் எனக்கு வேலை. வாரத்துக்கு நாலு பேராவது கார்டைக் கொண்டுவந்து நீட்டி, "பிள்ளை படமெல்லாம் போயிடுச்சு தங்கச்சி, எடுத்துக் குடு லா" என்பார்கள். நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். ஃபார்மட் செய்தபோது 'குவிக் ஃபார்மட்' என்ற இடத்தில் டிக் இருந்ததா, இல்லையா? பாவம், ஒருவருக்கும் நினைவு இருக்காது. எனக்கு இருக்கிறது. அன்றைக்கு எனக்குப் பத்து வயது. வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அந்தப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்போது நாங்கள் பாடாங் செராயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள். பிறகு தோட்டத்தையே விற்றார்கள். வாங்கிய கம்பெனியின் மேனேஜர் ஒரு நாள் மாரியம்மன் கோயில் முன்னால் நின்றுகொண்டு, "செமுவா டாபாட் ரூமா" என்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னார். எல்லாருக்கும் வீடு உண்டாம். வீடு கட்டி முடிக்காமல் ஒரு குடும்பத்தையும் வெளியே அனுப்ப மாட்டார்களாம். சனங்கள் கை தட்டினார்கள். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா மட்டும் தட்டவில்லை. அவர் கையில் போன் இருந்தது. பேச்சு முழுவதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயத்தை, காலி செய்ய வேண்டும். வீட்டைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஆபீசில் போய்க் கேட்டால், வீடு தருவதாக யார் சொன்னது, கடிதம் இருந்தால் காட்டு என்றார்கள். கடிதத்துக்கு எங்கே போவது? முப்பது குடும்பத்துக்கும் இருந்த ஒரே பிடி அப்பாவின் போனில் இருந்த அந்த வீடியோ. சனிக்கிழமை சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு வக்கீல் கோயிலுக்கு வந்து அதைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை அப்பா அதை ஒருவருக்கும் அனுப்பவில்லை. கை மாறிக் கை மாறி ஆபீஸ் வரைக்கும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

அந்த ஆபீசில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, கிராணியாகக் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். ஆபீஸ் லேப்டாப் அவர் தோளிலேயே தொங்கும். தோட்டத்தில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் அவரிடம்தான் வரும். எனக்கோ மாமா என்றால் உயிர். வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடுவேன். "என்னா மருமவளே, இன்னிக்கி யாரை அடிச்சே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். அவர் வந்தால் அந்த வீட்டில் சிரிப்பு இருக்கும், அதை மறுத்தால் நான் பொய் சொன்னவளாவேன்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா அவரிடம் போனைக் கொடுத்தார். "மாப்ளே, இது ரொம்ப ஹேங் ஆவுது. கொஞ்சம் சுத்தம் பண்ணு. அந்த வீடியோவை மட்டும் பத்திரமா ஒரு காப்பி எடுத்து வெச்சிடு" என்றார். சொல்லிவிட்டு, மறுநாள் கூட்டத்துக்கு நாற்காலி கேட்கக் கிளம்பிவிட்டார். வேறு யாரிடம் கொடுப்பார்? பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். வீட்டு ஆள்.

மாமா கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டார். பாட்டு, திருவிழாப் படம், பள்ளி ஆண்டு விழாவில் நான் ஆடியது எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"இதுல வைரஸ் இருக்கு மருமவளே. ஃபார்மட் பண்ணணும். நீயே பண்றியா?"

கேட்கவும் வேண்டுமா! அதற்குமேல் ஒரு ஆசையும் காட்டினார். ஃபார்மட் முடிந்தால் கார்டை இரண்டாகப் பிரித்துவிடலாமாம். லயத்து வீட்டில் நடுவே பலகை அடித்து இரண்டு அறை ஆக்குவதுபோல, பாதி அப்பாவுக்கு, பாதி எனக்கு. என் பாதியில் அப்பாவின் பழைய பாட்டு ஒன்றுகூட வராது. கார்ட்டூனாகப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

பெட்டி திறந்தது. மேலே ஃபைல் சிஸ்டம் என்று இருந்தது. இரண்டு மூன்று பெயர்கள் வந்தன. "அப்பா போன் பழசு, அதுக்கு இதுதான் புரியும்" என்று ஒன்றைக் காட்டினார், தேர்ந்தெடுத்தேன். அடுத்ததில் ஏதோ எண்கள். "அது அப்படியே இருக்கட்டும்." அதற்கும் கீழே கார்டுக்குப் பெயர் வைக்கும் இடம். "உன் பேரையே போடு" என்றார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி ஆங்கிலத்தில் என் பெயரைத் தட்டினேன். அதற்கு முன் என் பெயரை யாரும் கம்ப்யூட்டரில் எழுதியதில்லை. நெஞ்சு விம்மிவிட்டது.

அதற்கும் கீழே ஒரு சின்னச் சதுரத்தில் டிக் போட்டிருந்தது. குவிக் ஃபார்மட். நான் அம்புக்குறியை ஸ்டார்ட் பக்கம் கொண்டுபோனேன். "இரு, இரு" என்று மாமா கையை நீட்டி அந்த டிக்கை எடுத்துவிட்டார்.

"குவிக்னா சீக்கிரம்தானே மாமா? இருக்கட்டுமே."

"சீக்கிரம் பண்ணா வேரு உள்ளுக்கே இருக்கும். அடியோட எடுக்கணும்."

ஸ்டார்ட்டை அமுக்கினேன். ஒரு எச்சரிக்கை வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாம் அழியும் என்று போட்டிருந்தது எனக்கே விளங்கியது. "அப்பா எடுத்த வீடியோ, மாமா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு புத்தி இருந்தது.

"அதெல்லாம் காப்பி எடுத்தாச்சு. டீச்சர் கரும்பலகைய அழிச்சிட்டுத்தானே புதுசா எழுதறாங்க? அமுக்கு."

ஓகேயை அமுக்கினேன். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. அப்பப்பா, அது எறும்பைவிட மெதுவாக நகர்ந்தது. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போய் ஏடு கட்டியது. மாமா குடிக்கவில்லை. ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கோடு கடைசிவரை போய் முடிந்ததும் பாட்டையும் படங்களையும் திரும்பப் போட்டார். இரண்டாகப் பிரிப்பதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அப்பா வருவதற்குள் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டு சொன்னேன். நான்தான் ஃபார்மட் செய்தேன், கார்டுக்கு என் பெயர்தான் என்று. அப்பா சிரித்தார். "அட, என் இஞ்சினியரே" என்று தலையைத் தடவினார். போன் ஹேங் ஆகாமல் ஓடியது. பாட்டும் பாடியது. அவர் மேற்கொண்டு ஒன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் கோயில் முன்னால் தோட்டமே கூடியிருந்தது. வக்கீல் கார்டை வாங்கித் தன் லேப்டாப்பில் போட்டார். திரையில் பெரிய ஆங்கில எழுத்தில் என் பெயர் வந்தது. "ஐ, அது என் பேரு!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல்கூடச் சிரித்தார். அப்புறம் அவர் தேடினார். பாட்டு இருந்தது. திருவிழா இருந்தது. நான் பாவாடை தட்டி விழப்போனதுகூட இருந்தது. அந்த வீடியோ மட்டும் இல்லை. மறுபடி தேடினார். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

அப்பா கூட்டத்தின் பின்னால் நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ளே, காப்பி?"

"எந்தக் காப்பி மச்சான்? பாட்டை மட்டுந்தானே சொன்னீங்க?" என்றார் மாமா. "நான் ஒண்ணும் தொடலை. ஃபார்மட் பண்ணது வந்து..." என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நான்தான்!" என்றார் அப்பா.

கூட்டத்தின் கடைசிவரை அவர் குரல் கேட்டது. "நான்தான் அழிச்சிட்டேன். நேத்து போன்ல தெரியாம எதையோ அமுக்கிட்டேன். வேற யாரும் தொடலை."

எனக்கு வந்ததே கோபம்! ஃபார்மட் செய்தது நான். பெயர் வைத்தது நான். ஸ்டார்ட்டை அமுக்கியது நான். இவர் நாற்காலி கேட்கப் போனவர். ஊரே கூடியிருக்கும் இடத்தில் என் வேலையைத் தன் வேலை என்று சொல்கிறாரே! "இல்ல, பொய்! நான்தான்..." என்று வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தித் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்படி அவள் என்னைக் கிள்ளியதே இல்லை. அழுதுகொண்டே பார்த்தேன். அப்பாவைச் சுற்றி ஆட்கள் நெருக்கி நின்று கத்தினார்கள். கம்பெனிக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர் கேட்டார். தினமும் அப்பாவோடு டீ குடிப்பவர் காலடியில் காறித் துப்பினார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. மாமா எப்போது போனார் என்று தெரியவில்லை, மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மாதத்தில் லயத்தை இடித்தார்கள். பாடாங் செராய், கூலிம், சிலர் பாலிங் வரைக்கும் என்று குடும்பங்கள் சிதறின. ஒருவருக்கும் வீடு கிடைக்கவில்லை. தப்பு, ஒருவருக்குக் கிடைத்தது. மாமாவுக்குத் தோட்டத்தை வாங்கிய அந்தக் கம்பெனியிலேயே நிலையான வேலையும், முன்பக்கம் கார் நிறுத்த இடம்விட்ட வீடும் கிடைத்தன. அம்மா அந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் அந்த வாசலை மிதிக்கவில்லை. தம்பி வசதியாகிவிட்டான் என்று அம்மாவுக்குப் பொறாமை என்றுகூட நான் நினைத்திருக்கிறேன். நான் நினைத்தது இருக்கிறதே, சே.

படித்து முடித்து இந்தக் கடையில் சேர்ந்த முதல் மாதம், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி எனக்கு அழிந்ததை மீட்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். குவிக் ஃபார்மட் என்றால் வீட்டு நம்பரை மட்டும் அழிப்பது, வீடும் ஆளும் உள்ளே அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றார். டிக்கை எடுத்துவிட்டால்? "ரூமா ஹபிஸ்" என்று கையால் தரைமட்டமாக்கிக் காட்டினார். வீட்டையே இடித்துவிடும். எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் எடுக்க முடியாது. வைரஸை விரட்ட அந்த டிக்கை எடுக்கவே வேண்டாமாம். ஒன்றைத் தடயம் இல்லாமல் ஒழிக்க நினைப்பவன்தான் அதை எடுப்பான்.

அந்தப் பாவி தெரிந்தே செய்திருக்கிறான். பெட்டியை முழுக்கத் தெரிந்தவன். எது இருந்தால் மீளும், எது இல்லாவிட்டால் மீளாது என்று தெரிந்தவன். அதைச் செய்ய அவனுக்குத் தன் விரல் கூசியிருக்கிறது. அதனால் என் விரலை எடுத்துக்கொண்டான். போதாததற்கு என் பேரையும் போடவைத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். கூட்டம் முடிஞ்சு சாயங்காலம் பாடாங் செராய் கடையில காட்டினாரு. இது தெரிஞ்சவன் செஞ்ச வேலைன்னு கடைக்காரப் பையன் சொல்லிட்டான்."

"அப்புறம் ஏம்மா சொல்லலை? அத்தனை பேரு முன்னாடி துப்பு வாங்கினாரே! ஏன் அந்த ஆளைப் புடிச்சு இழுத்துட்டு வரலை?"

"இழுத்துட்டு வந்தா, அமுக்கினது யாருன்னு கேப்பாங்கள்ல? உன் பேரு அதுலயே இருக்கு. முப்பது குடும்பமும் போற எடத்துலல்லாம் எம்பொண்ணு பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்தும், எனக்கு வேணாம்னுட்டாரு."

அப்பா இப்போது கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். பழைய தோட்டத்து ஆட்கள் சிலர் அந்த பஸ்ஸில் ஏறி, அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போய் உட்காருவார்கள். போன் நாலு முறை மாற்றிவிட்டார். கார்டை மாற்றவில்லை. போன வாரம் அதை வாங்கிக் கடையில் போட்டுப் பார்த்தேன். இன்னும் என் பெயர்தான் வருகிறது. மாமாவைக் கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். "என்னா இஞ்சினியர், சௌக்கியமா?" என்கிறான். அடுத்த முறை என்ன சொல்வது என்று வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது.

ஆனால் அவனைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். கூட்டம் நடந்த அன்று இரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் போகவில்லை. என் பெருமையைத் திருடிய மனிதர் அவர். ஒரு வாரம் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன், செய்தும் காட்டினேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒன்று மட்டும் சொன்னேன்.

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்ப்பா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"குத்தட்டும்மா. நீ வந்து சாப்பிடு."