பார்த்துக்க ஆள் வேண்டாத செடிகள்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிறது தனசிங்கின் வீடு. ஃபாக்டரியில் பச்சை இலை வாங்கும் இடத்தில் முப்பத்தோரு வருடம் நின்றவர் அவர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். அடியில் கல் கிடக்கிறதா, எடை கூடத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா, கொழுந்துக்கு நடுவே முற்றல் இலையை ஒளித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். ரிட்டையராகி நான்கு வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

போன மே மாதம் ஒரு காலையில் அவர் மனைவி ஈவ்லின் சொன்னாள்: "ஏனுங்க, வாசல்ல இருக்கிற ரோஜாவையெல்லாம் எடுத்துடலாமுங்க. நட்டுட்டு மறந்துபோனாலும் தானா நிக்கிற செடியா நாலஞ்சு வெச்சுக்கலாம்."

தனசிங் செய்தித்தாளை மடக்கினார். அந்தப் பதினெட்டு ரோஜாச் செடிகளைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஞாயிறுதோறும் அவர் வெட்டி எடுத்துப் போகும் பூக்கள்தான் சர்ச் ஆல்டரில் நிற்கும். போதகர்கூட 'தனசிங் ரோஜா' என்றுதான் சொல்வார்.

"யார் சொன்னா உனக்கு?"

"யார் சொல்லணும்? எனக்கே தோணுச்சு" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அவளுடைய பைபிளுக்குள் ஒரு துண்டுச்சீட்டு அவர் கண்ணில் பட்டது. ரோஸ்மேரி, ஜெரேனியம், லாவெண்டர், கமீலியா என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அடிக்கணக்கு போட்டிருந்தது. ஈவ்லினின் கையெழுத்து இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஆனால் மனசு அங்கேயே நின்றது. பார்த்துக்க ஆள் வேண்டாத செடி யாருக்கு வேண்டும்? பூட்டிக் கிடக்கப்போகும் வீட்டுக்குத்தானே! இல்லையென்றால், விற்பதற்குமுன் வாசலைச் சுத்தமாக்கிக் காட்டுகிறவர்களுக்கு.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஷைனா, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "ரெண்டு பேரும் எங்ககூட வந்துடுங்க" என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது. அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டார்கள் என்று முடிவு கட்டினார். சாயங்காலம் ஷைனாவுக்குப் போன் செய்து, சுற்றி வளைத்துக் கேட்டார்.

"நம்ம பக்கம் ஊட்டு விலையெல்லாம் இப்ப எப்படியாம்மா?"

"எனக்கென்னப்பா தெரியும்? ஏன், விக்கப் போறீங்களா?"

"நான் விக்கலை" என்று 'நான்' மீது அழுத்திச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவள் கேட்ட வேகமே சரியில்லை என்று பட்டது.

மறுநாள் பஸ் பிடித்து, டவுனில் ரமேஷ்குமார் நடத்தும் நர்சரிக்குப் போனார். தொட்டிகளில் சொருகியிருந்த பெயர் அட்டைகளைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. சீட்டில் இருந்த அதே கையெழுத்து.

"எங்க ஊட்டம்மா இங்க வந்தாங்களா?"

"மூணு தடவை வந்துட்டாங்க சார். நல்லா விசாரிச்சாங்க."

மூன்று தடவை! வியாழக்கிழமை ஜெபக் கூட்டம் என்று போனதெல்லாம் இதற்குத்தானா? "என்ன விசாரிச்சா?"

"செவுத்துல இருந்து எவ்வளவு தள்ளி வெக்கோணும், வேர் அஸ்திவாரத்துக்குப் போகுமா, காட்டெருமை வாய் வெக்குமான்னு கேட்டாங்க. ரோஸ்மேரி வாசத்துக்கு அது கிட்டவே வராதுன்னேன். ஹைட்ரேஞ்சியா வேணாம், தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கும்னேன். கமீலியா நம்ம தேயிலைக்குச் சொந்தக்காரச் செடி, இந்த மண்ணுல சும்மா வரும்னேன். அஞ்சு வருஷங்கழிச்சு சன்னலை மறைக்குமான்னும் கேட்டாங்க."

தனசிங் அங்கேயே தடுமாறினார். வீட்டை விட்டுப் போகிறவள் ஐந்து வருடம் கழித்துச் சன்னல் மறைவதைப் பற்றி ஏன் கேட்கவேண்டும்? அப்படியானால் கடைக்காரன்தான் ஏமாற்றியிருக்கிறான்.

"இதுல உனக்கு என்ன லாபம்?"

ரமேஷ்குமார் சிரித்துவிட்டான். "ரோஜாதானுங்க லாபம். உரம், மருந்து, கத்திரின்னு நீங்க வந்துக்கிட்டே இருப்பீங்க. இதைக் குடுத்துட்டா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டீங்க."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுவே அவரைக் கலக்கியது. வீட்டுக்கு வந்தவர் கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்தார்.

"உண்மையச் சொல்லு ஈவ்லின். எங்கே போகப் போறே?"

அவள் ரோஜாவுக்கு ஊற்ற, கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குடத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"எங்கயும் போகலீங்க. உக்காரப் போறேன்."

"என்னது?"

"உக்காரப் போறேன். எனக்கு ரோஜா புடிக்காதுங்க. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்தே புடிக்காது."

"இத்தனை வருஷமாச் சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே." குடத்தை இறக்கி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க வெட்டி எடுத்துட்டுப் போறீங்க. மத்த ஆறு நாளும் இந்த இருவத்திரண்டு படியும் யார் ஏறுறா? மழையில மருந்தடிக்கிறது யாரு? சொன்னா முகத்தைத் தூக்குவீங்கன்னுதான் ரமேஷ்குமார்கிட்ட முதல்ல கேட்டு வெச்சேன். ஜெபக் கூட்டம்னு சொன்னது பொய்தான்."

தாம் குடம் சுமந்த ஒரு நாளையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார் தனசிங். எதுவும் வரவில்லை. குடத்தைத் தூக்கப் போனார். அவள் விடவில்லை. "இன்னைக்கு ஒரு நாளைக்கு என்னத்துக்கு?" என்றாள்.

ஜூன் மழை பிடித்ததும் ரோஜாக்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, வேர் மண்ணோடு சர்ச் வளாகத்துக்கு அனுப்பினார். வெயில் விழும் பக்கம் ரோஸ்மேரியும் லாவெண்டரும், படி ஓரத்தில் ஜெரேனியம், சுவரிலிருந்து நாலடி தள்ளி இரண்டு கமீலியா. எல்லாக் குழியையும் அவரே தோண்டினார். மழை போதுமானதாக இருந்தது. யாரும் தண்ணீர் சுமக்கவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஈவ்லின் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். தனசிங்குக்குத்தான் நிம்மதி இல்லை. ரோஜா ஒன்றுதானா? இன்னும் எதெதை அவள் சகித்துக்கொண்டு இருந்திருப்பாள்? வீட்டின் பச்சைப் பெயின்ட்டையா, தாம் வாங்கிவரும் மத்தி மீனையா?

நேற்று இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குங்க."

அவர் நகரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.