இமாஸ் அக்காவின் கட்டைவிரல்

சுராபிக் கடை வரிசையில் நிற்கும்போது இமாஸ் அக்கா அடுப்பில் வேகும் அப்பத்தைப் பார்ப்பதே இல்லை. முன்னால் நிற்பவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தால் போதும், அதன் கண்ணைப் பிடித்துக்கொள்வார். பிறகு முழங்கையைத் தூக்கிக் கடைக் கூரையில் தொங்கும் குருவிக் கூண்டின் பக்கமாக ஆட்டுவார். குழந்தை முழங்கையைப் பார்க்கும், அவர் முகத்தைப் பார்க்கும், அப்புறம் அண்ணாந்து கூண்டைப் பார்க்கும். உடனே என் சட்டையைப் பிடித்து இழுப்பார். "பாத்தியா தம்பி? முழங்கையால காட்டுனா அங்க பாக்கணும்னு இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" இதற்குள் எங்கள் முறை வந்து போயிருக்கும். எனக்குப் பசியில் கண் இருட்டும்.

பாண்டுங்கில் மழை பெய்யாத சாயங்காலம் அபூர்வம், இமாஸ் அக்கா குடையோடு வீடு திரும்பும் சாயங்காலம் அதைவிட அபூர்வம். எங்காவது வைத்துவிட்டு வந்துவிடுவார். தோளில் தொங்கும் பையில் மரக்கரண்டி, பொம்மைத் தவளை, பச்சை மிளகாய் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மிளகாயை வெறுமனே கடித்துத் தின்பார். தானே ஒரு வேடிக்கை சொல்லத் தொடங்கி, அது முடிவதற்குள் தானே சிரித்துவிடுவார். மனிதக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்த்து, அதே வழியில் இயந்திரத்துக்கும் புரியவைப்பதுதான் எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை. நான் அந்த இயந்திரத்துக்குக் கை செய்தவன். மேசையில் பொருத்திய ஒற்றைக் கை, அதற்கு மேல் கண்களாக இரண்டு கேமரா. பெயர் உஜாங். தெருவில் போகும் எந்தப் பொடியனையும் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

உஜாங்குக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாம் காட்டுகிற பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்களோடு வேலை செய்யும் கிலாங், ஆள்காட்டி விரல் நீட்டிய படங்களாகக் கொட்டிக் கொட்டி அதைப் பழக்கியிருந்தான். நாங்களும் நாள் முழுக்க விரலை நீட்டி, "டேய், அதை எடு" என்று அதட்டுவோம். தப்பாமல் எடுக்கும். அக்காவுக்கு மட்டும் அதில் திருப்தி இல்லை. ஆனால் துறைத் தலைவர் பாக் சுகண்டா பார்வையிட வரப்போகிறார், உஜாங் தேறாவிட்டால் எங்கள் அறையை ட்ரோன் விடுகிற பையன்களுக்குக் கொடுத்துவிடுவார் என்று பேச்சு அடிபட்டது. அவசரத்தில் அக்காவும் சரி என்றுவிட்டார்.

அன்றைக்கு எங்கள் மானம் கப்பலேறியதை என்னவென்று சொல்ல. பாக் சுகண்டா வெளியூர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊரில் பெரியவர்கள் எதிரே கட்டைவிரலால்தான் எதையும் காட்டுவோம், ஆள்காட்டி விரலை நீட்டுவதாவது? அக்கா லேசாகக் குனிந்தார். நான்கு விரலும் தானாக மடங்கிக்கொண்டன, வலது கட்டைவிரல் மரியாதையாகச் சிவப்புக் கோப்பைப் பக்கம் போயிற்று. "அதைக் குடுப்பா உஜாங்." உஜாங் மரம் மாதிரி நின்றது. நான் முயன்றேன், எனக்கும் கட்டைவிரல்தான் வந்தது. ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லிக் கிலாங் எங்களைக் கண்ணால் கெஞ்சினான். அவனே முன்னால் வந்தபோது அவன் கையும் அப்படியே மடங்கிற்று. வளர்த்த வளர்ப்பு அப்படி. கடைசியில் உஜாங் எந்தப் படத்தில் கண்டதோ, நான் பார்த்துப் பார்த்துச் செய்த கையால் 'சபாஷ்' என்பதுபோல் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பாக் சுகண்டா கோபப்படவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் அறையைக் காலி செய்தால் போதும் என்று சாந்தமாகச் சொன்னார். காலி செய்வதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

கட்டைவிரல் படங்களையும் சேர்த்துவிடலாம், அவ்வளவுதானே என்றான் கிலாங். அக்கா திரும்பினார். "நாளைக்கு ஒருத்தர் தாடையால காட்டுவார். அப்ப ஊர்ல இருக்கிற தாடையெல்லாம் தேடிட்டு அலைவியா?"

"புள்ளைங்க எப்படிக் கத்துக்குதுன்னு நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள உஜாங்குக்குக் கல்யாண வயசு வந்துடும் அக்கா."

அக்கா சிரித்துவிட்டு, குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் பேட்டைக் கூடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். துணித்தொட்டிலில் போட்டுத் தராசில் மாட்டிய குழந்தைகள் ஒருபக்கம் வீறிட்டுக்கொண்டிருந்தன. எடை பார்த்து இறக்கியவற்றின் முன் அக்கா மண்டியிட்டுத் தவளையைக் காட்டினார். முழங்கையால், நெற்றியால், துடைப்பக் கட்டையால் காட்டினார். காலால் காட்டியபோது தாய்மார்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எதனால் காட்டினாலும் குழந்தைகள் தவளையிடம் போயின. பிறகு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினார். ஒரு பெண் குழந்தை தவளைப் பக்கம் திரும்பவே இல்லை. தத்தித் தத்தி அவரிடம் வந்தது. பிஞ்சு விரலால் அவர் இமையைப் பிரித்து உள்ளே பார்த்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது கையைப் பாக்கலடா தம்பி. இந்தப் பொம்பளை மனசு எங்க இருக்குன்னு தேடுது." கொட்டுகிற மழையில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு அவர் அறைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கிலாங் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் கலைத்தான். முதலில் எதிரே இருப்பவரின் முகம், பிறகு அவர் கண் போகும் இடம், அதிலிருந்து அவருக்கு இப்போது என்ன வேண்டியிருக்கும் என்ற யோசனை, கை எல்லாவற்றுக்கும் கடைசி என்று புதிதாகப் பழக்கினான். சரிவராவிட்டால் மறுபடி முகத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து இல்லாமல் எப்படி நிமிர்ந்து பார்க்கும் என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். திட்டிக்கொண்டேதான் கழுத்துச் செய்தேன்.

பெருநாள் முடிந்து பாக் சுகண்டா தனியாக வந்தார். கறுப்புத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அக்கா அவருக்குத் தேநீர் வைத்தார், கைக்கு எட்டாத தூரத்தில். வேண்டுமென்றேதான். எதையாவது காட்டுங்கள் என்றதற்கு, தான் என்னத்தைக் காட்டுவது என்று அவர் கைகளைக் கட்டிக்கொண்டுவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் காலையிலிருந்து அலைந்த மனிதர், அவரை அறியாமல் கண் தேநீரிடம் போயிற்று.

உஜாங் கழுத்தை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தது. மேசையைப் பார்த்தது. கை தொப்பியிடம் போயிற்று. கிலாங் என் தோளை நசுக்கினான். கை பாதியில் நின்றது. கழுத்து மறுபடி நிமிர்ந்தது, கடைக்காரரிடம் கேட்டு நிற்கும் குழந்தை மாதிரி அவர் முகத்தையே பார்த்தது. அவர் கண் இன்னும் தேநீரில்தான் இருந்தது. கை மெதுவாகத் திரும்பித் தேநீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளி வைத்தது.

பாக் சுகண்டா டம்ளரையும் உஜாங்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் குடித்து முடித்தார். "ட்ரோன் பசங்களுக்கு வேற எடம் பாக்குறேன்" என்று சொல்லித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். கிலாங் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

அக்கா கத்தவில்லை. மேசையில் காலி டம்ளர் இருந்தது, அதை எடுக்கவேண்டும். அறையில் பெரியவர்கள் யாரும் இல்லை, ஆள்காட்டி விரலை நீட்டினாலே போதும். அவர் உஜாங்குக்கு எதிரே போய் நின்று லேசாகக் குனிந்தார். நான்கு விரலையும் மடக்கி, வலது கட்டைவிரலால் டம்ளரைக் காட்டினார்.