சொந்த வீட்டுப் பீப்பாய்

முதலில் வலது நாசியால் மோந்து பார்ப்பார். பிறகு இடது நாசியால். இரண்டும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்பதுபோல் ஆம்புரோஸ் டங்கர்ட் சற்றுநேரம் கண்ணை மூடி நிற்பார். கடைசியில்தான் ஒரு மிடறு. அதையும் உடனே விழுங்கிவிட மாட்டார். கன்னத்துக்குக் கன்னம் தள்ளி, குறுக்கு விசாரணை செய்துதான் உள்ளே அனுப்புவார்.

தொழில் குதிரைச் சேணம் தைப்பது. ஆனால் இந்த வருஷம் தார்ன்பி ஊர்மன்றம் அவரைப் பீர் சோதகராக நியமித்திருந்தது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, பீர் காய்ச்சுவது அந்த ஆங்கிலேய ஊரில் பெண்களின் வேலை. காய்ச்சி முடித்தவள் வாசலில் ஒரு செடிக்கொத்தைத் தொங்கவிட வேண்டும். சோதகர் வந்து குடித்துப் பார்த்து, "நல்லது" என்று சொன்ன பிறகே ஒரு குவளையாவது விற்கலாம். இல்லாவிட்டால் மொத்தமும் சாக்கடைக்கு.

பதவி வந்த அன்றே வீட்டில் வெங்காயம் நின்றது.

"என் நாக்கு இப்ப என்னோடது இல்லடி, ஊரோடது" என்றார் மனைவி மார்ஜரியிடம்.

"அப்போ ஊரே அதுக்குச் சமைச்சுப் போடட்டும்" என்றாள் மார்ஜரி.

போன வாரம் சிசிலி ஹோப்வுட்டின் பீரில் லேசாகப் புளிப்புத் தட்டியது. ரொம்ப லேசாக. "வெயில் அப்படிங்க, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று கெஞ்சினாள். "மகாராணியோட சட்டத்துக்கு வெயில் ஏது, மழை ஏது?" என்று கேட்டுவிட்டுப் பீப்பாயைக் கவிழ்க்கச் சொன்னார். தெருப் பன்றிகள் அன்று மாலைவரை ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தன.

இன்று செடிக்கொத்து தொங்கியது அவர் வீட்டு வாசலில்.

நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. சிசிலியுடையது புளிப்பு என்றால் இது சுத்தக் காடி. விசாரணைக்கே வேலையில்லை. இருந்தாலும் கன்னத்துக்குக் கன்னம் தள்ளினார். கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. தெருவே கூடி நின்றது. வீட்டில் வாய் ஓயாத மார்ஜரி, ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லது" என்றார் சோதகர்.

மார்ஜரியின் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முதல் ஆளாகக் குவளையை நீட்டி வாங்கியவள் சிசிலி. குடித்தாள். கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது. ஆம்புரோஸ் தம் பூட்ஸைப் பார்த்தார். அவள் கத்தியிருக்கலாம். மன்றத்துக்கு இழுத்திருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஊர் கேட்க. பிறகு அவர் பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இந்த வெயில்ல பாவம், மார்ஜரி மட்டும் என்ன பண்ணுவா, சேணக்காரரே?" என்றாள். குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பார்.

"என்ன சோதகரே, ஒரு வாயோட நிறுத்திட்டீரு?" என்று பின்னாலிருந்து கொல்லன் கேட்டான். "நல்லதுன்னா குடியுமய்யா!"

கூட்டம் சிரித்தது. ஆம்புரோஸின் காது சிவந்து, சிவப்பு கழுத்துவரை இறங்கியது. கையிலிருந்த சோதனைக் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். யார் முகத்தையும் பாராமல், காலிக் கிண்ணத்தை மறுபடி நிரப்பச் சொல்லி மனைவியிடம் நீட்டினார்.