வயதுக் கட்டத்தில் இரண்டு எழுத்துகள்

அறுபதுகளின் கடைசியில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. பட்டாசு ஆலை விபத்துகளில் இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டி, துளை அட்டைகளில் பதிந்து, கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். நான் சிவகாசிக்காரி, என்னுடன் வேலை பார்த்தவர் விருதுநகர்க்காரர் என்பதால் எங்கள் இருவரையும் அனுப்பினார்கள்.

சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டிக்கு நாங்கள் போனது ஒரு வெடிவிபத்து நடந்த மறுவாரம். மருந்து கலக்கும் அறை இருந்த இடத்தில் கரிந்த குழிதான் மிச்சம். வேலியோரத்து மரத்தில் யாருடைய சேலையோ பாதி எரிந்து தொங்கியது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த அறையில் மகளைப் பறிகொடுத்த ஒருவரிடம் அவள் பெயரைக் கேட்டோம். சொன்னார். வயதைக் கேட்டோம்.

"கல்யாண வயசு. அப்பிடியே எளுதிக்கோங்க."

கூட வந்தவர் பொறுமையாகத்தான் விளக்கினார். பெயர் எழுத்தாக இருக்கலாம், வயது எண்ணாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் ஏற்காது என்றார். பதினெட்டா, இருபதா என்று மறுபடி கேட்டார்.

"எம் மக ஒங்களுக்கு நம்பரா?"

கேட்டுக்கொண்டே அந்த மனிதர் சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துவிட்டார். முதல் அடி என்கூட வந்தவரின் வலது முழங்கையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது தலைக்கு வந்தது. நான் இவரைப் பிடித்து இழுத்ததில் தோளோடு போயிற்று. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடிவந்து அந்த மனிதரைக் கீழே தள்ளி, வாயில் ரத்தம் வரும்வரை வயிற்றில் மிதித்தார். கை தொங்க இவர்தான் குறுக்கே விழுந்து தடுத்தார். புகார் கொடுக்கவும் மறுத்துவிட்டார்.

சென்னை திரும்பி அட்டைகளைப் பதிந்தேன். முதல் கட்டங்கள் பெயருக்கு, அடுத்த இரண்டு வயதுக்கு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் கல்யாண வயசு என்பதன் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் பதிந்தேன். வரிசையாகப் படித்துக்கொண்டு வந்த மெஷின் அந்த அட்டையில் நின்றுவிட்டது. மெஷின் அறைப் பொறுப்பாளர் வயதைக் காலியாக விட்டு வேறு அட்டை பதிந்து செருகினார். காலி இடத்தை மெஷின் பூஜ்யமாகப் படித்தது. அச்சாகி வந்த தாளில் அவள் வயது பூஜ்யம்.

தொட்டில் குழந்தைகூட மருந்து கலக்கியிருக்கிறது என்று பொறுப்பாளர் சிரித்தார். என் பக்கத்தில் நின்ற விருதுநகர்க்காரர் மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே பொறுப்பாளர் முகத்தில் ஓங்கி அடித்தார். மூக்கு உடைந்தது. விழுந்தவரை மறுபடியும் அடித்தார். அட்டைகள் தரையெங்கும் சிதறி ரத்தத்தில் ஒட்டிக்கொண்டன. நாலைந்து பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. எனக்கு உள்ளே ஏதோ ஒரு நிம்மதி.

அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் கறைபட்ட அட்டைகளை மறுபடி பதிந்து, அவள் அட்டையில் அந்த இரண்டு எழுத்துகளையே போட்டு, புரோகிராமையும் மாற்றினேன். வயதையும் முதலில் எழுத்தாகவே படிக்க வேண்டும். எண்ணாக இருந்தால் மட்டும் மாற்றிச் சராசரியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வந்தபடியே அச்சிட வேண்டும். இம்முறை மெஷின் எங்கும் நிற்கவில்லை; அவள் வயதுக்கு நேரே அந்த இரண்டு எழுத்துகளும் அச்சாகி வந்தன.

இரண்டு வாரம் கழித்து அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று எழும்பூர் நிலையத்தில் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ரயில் நகரும்வரை அந்தப் பொறுப்பாளரைப் பற்றியே விசாரித்தார். தையல் பிரித்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார் என்றேன். நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.